இமைக்காத கிடா

வளைகொம்பன் என்ற வரையாட்டுக் கிடாவுக்கு ஒரு நரி அநியாயம் செய்தது. அடி வாங்க வாங்க உடம்பு பழகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே அதன் தலையைக் கெடுத்தது. மந்தையே கூடி நின்று அதை வேடிக்கை பார்த்தது.

அந்த மலையில் கிடாக்கள் முட்டிக்கொள்வது புதிதல்ல. மழைக்காலம் வந்தால் இரண்டு முட்டு முட்டும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகிப் போகும். மறுநாள் இரண்டும் ஒரே இடத்தில் மேயும். அவ்வளவுதான்.

நரி கீழே பள்ளத்தில் இருந்தது. வரையாடு செங்குத்துப் பாறையில் ஏறிவிட்டால் நரியால் ஒன்றும் செய்ய முடியாது. புல்வெளியிலோ, ஒற்றை நரிக்குப் பெரிய கிடாக்கள் பயப்படுவதில்லை. ஒருநாள் அது எட்ட உட்கார்ந்து முட்டுவதைப் பார்த்துச் சிரித்தது.

"இதுக்குப் பேரு முட்டா? தலையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கு."

கிடாக்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நரி பயிற்சி கொடுத்தது. தினமும் விடிந்ததும் ஒன்றோடு ஒன்று முட்ட வேண்டும். நெற்றி வீங்கினால், "வீங்கட்டும், வீங்கினாத்தான் இறுகும்" என்றது.

அது முழுப் பொய்யும் இல்லை. நெற்றித் தோல் மரப்பட்டை போலத் தடித்தது. கழுத்து பருத்தது. பிறகு நரி ஒரு சோதனை வைத்தது. ஒரு கருமந்தி கூழாங்கல்லை எடுத்துக் கிடாவின் நெற்றியில் எறியும். கண்ணை இமைத்தால் இன்னும் தேறவில்லை. இமைக்காவிட்டால் தேறிவிட்டது.

முதலில் தேறியது குட்டைவாலன். அது ஒரு பனிநாளில் பாறை விளிம்பில் கால் தவறி விழுந்து செத்தது. "பாவம், பனி" என்று எல்லாம் சொல்லிவிட்டு மேயப் போயின.

அடுத்துத் தேறியது வளைகொம்பன். கல் பட்டும் அது இமைக்கவில்லை. மந்தை ஆரவாரம் செய்தது.

அதன் தங்கை செம்மி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் உப்பு நக்கும் பாறைக்குப் போகும் வழியை மறந்து நிற்பதை அவள் பார்த்திருந்தாள். வாயில் வைத்த புல்லை மெல்லவே மறந்து நிற்பதையும் பார்த்திருந்தாள்.

"அண்ணே, இனிமே முட்டப் போகாதே."

"உனக்கென்ன தெரியும்? எனக்கு இப்பல்லாம் வலிக்கிறதே இல்லை."

மறுநாள் காலை வளைகொம்பன் மீண்டும் முட்டியது. ஒருமுறை அல்ல, மந்தை போதும் என்னும்வரை முட்டியது. செம்மி நேராக நரியின் முன்னால் போய் நின்றாள்.

"நரியாரே, எங்க அண்ணனை என்ன பண்ணினீங்க?"

"தேத்திவிட்டேன், தங்கச்சி. தோல் தடிச்சுதா இல்லையா?"

"தடிச்சுது."

"கழுத்து பருத்துதா?"

"பருத்துது."

"அப்புறம் என்ன வழக்கு?"

"தோல் தடிக்கும், கழுத்து பருக்கும். உள்ளே இருக்கிற மூளை எப்படிப் பழகும்? கழுகு முட்டையைத் தினமும் குலுக்குங்க. ஓடு உடையாது. குஞ்சு பொரிக்குமா?"

"கூமுட்டைதான் ஆகும்" என்றது கருமந்தி. சிரிக்க நினைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

நரி அசரவில்லை. "முட்டைக்கு வாயில்லை. உங்க அண்ணனுக்கு இருக்கே. வலிக்குதான்னு அவனையே கேளு."

செம்மி திரும்பினாள். "அண்ணே, வலிக்குதா?"

வளைகொம்பன் வெகுநேரம் அவளையே பார்த்தது. "வலிக்கலை" என்றது. பிறகு மரியாதையாகக் கேட்டது: "நீங்க யாரு?"



"பார்த்தீங்களா, வலிக்கலையாம்" என்றது நரி.

செம்மி விடவில்லை. "பயிற்சிக்கு ஒருநாள் தவறாம வர்றீங்க. குட்டைவாலன் விழுந்த அன்னிக்கு மட்டும் வரலை. அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

நரி உதட்டை நக்கிக்கொண்டது. கிடாக்கள் நரியை நோக்கிக் கொம்பைத் தாழ்த்தின. அது சாவகாசமாக எழுந்து பள்ளத்துக்கு இறங்கிப் போனது.

அதன்பிறகு அந்த மலையில் பயிற்சி இல்லை. ஆனால் வளைகொம்பனின் நினைவும் திரும்பவில்லை. பாறையில் நடக்கும்போது பள்ளத்துப் பக்கமாகச் செம்மி நடந்தாள், அண்ணனை உட்பக்கமாக விட்டாள். வழியெல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போவாள். அது கேட்டுக்கொள்ளும், அடுத்த வளைவில் மறந்துவிடும்.

ஒரு காலை பனி இறங்கியது. செம்மி கண் விழித்தபோது பக்கத்தில் அண்ணன் இல்லை. கீழே கற்கள் உருளும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பள்ளத்திலிருந்து நரி குரல் கொடுத்தது. அதன் வாய் நிறைந்திருந்தது.

"என்மேல தப்பில்லை, தங்கச்சி. வலிக்குதுன்னு அவன் ஒருநாளும் சொன்னதே இல்லையே!"

செம்மி விளிம்பில் நின்று பதில் சொன்னாள்: "வலி நின்னது உடம்பு தேறினதால இல்ல, வலிக்குதுன்னு சொல்ல உள்ளே ஆள் இல்லாமப் போனதால. அடி வலிக்காமப் போறதைப் பலம்னு நம்புறவங்களுக்கு, எதை இழந்தோம்னு கடைசிவரைக்கும் தெரியாது."