விழா மண்டபத்தின் நான்கு கதவுகள்

கனகசபைக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. அதற்குள் இன்னொரு மெமோ வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

அன்று பொற்கொடி அம்மையாரின் நூற்றாண்டு விழா. தொழிலாளர் துறைக்கு வந்த முதல் பெண் அமைச்சர் அவர். பட்டாசு ஆலைகளில் ஆள் உள்ளே இருக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தவர். விழாவை நடத்தும் பொறுப்பு, துறை அதிகாரியான கனகசபையின் தலையில் விழுந்திருந்தது.

போன வருடப் பிறந்தநாள் விழாவையும் அவர்தான் நடத்தினார். இப்போதைய அமைச்சர் தாமதமாக வந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் கைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. அமைச்சர் காலி நாற்காலிகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மெமோ வந்தது.

இந்த வருடம் பதினோரு மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டரைக்கும் வரவில்லை. பட்டாசு ஆலைப் பெண்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வேன்களில் அழைத்து வந்திருந்தார்கள். கனகசபை மூன்று முறை எண்ணிவிட்டார். நான்காவது முறை முந்நூற்றொன்பதுதான் வந்தது. மூன்று பேர் நழுவியிருந்தார்கள். மூன்று கதவுகளுக்கு வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னார். மேடையோரக் கதவைத் தானே உள்ளே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த கவலை பேச்சு. வரவேற்புரைக்கு முதல் வரிகூட எழுதவில்லை. முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாளிடம் போய்க் குனிந்தார்.

பேச்சியம்மாள் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வேலை பார்த்தவர். முப்பது வருடங்களுக்கு முன் கனகசபை ஆய்வாளராக ஓர் ஆலைக்குள் நுழைந்து, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தபோது சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வயதில் மூன்றே வருடம் மூத்தவர். அன்றிலிருந்து கனகசபைக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்.

"அக்கா, அம்மையார் என்ன செஞ்சாங்கன்னு ஒரே வரியில சொல்லணும். எப்படிச் சொல்லலாம்?"

"தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லட்டா சார்?"

அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவுக்குப் போனார். தள்ளிப் பார்த்தார். அடுத்த கதவுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"கதவு சாத்தியிருக்கு."

"இருபதே நிமிஷம்க்கா. அமைச்சர் பைபாஸ் தாண்டிட்டாராம்."

பேச்சியம்மாள் உட்காரவில்லை.

"எனக்குப் பதினெட்டு வயசு சார் அப்ப. அன்னன்னைக்கு வேலை முடியிற வரைக்கும் எங்க மொதலாளி ஷெட்டை வெளியில தாழ்ப்பா போட்டுருவாரு. அம்மையார் பார்க்க வந்தாங்க. மாலை, சோடா எல்லாம் வச்சிருந்தாரு. அவங்க எதையும் தொடல. நேரா ஷெட்டுக்குள்ள வந்து எங்க கூடத் தரையில உக்காந்தாங்க. மொதலாளியையும் உக்காரச் சொன்னாங்க. டிரைவரைக் கூப்பிட்டு, வெளியில தாழ்ப்பா போடுன்னாங்க."

"அப்புறம்?"

"மொதலாளி ரெண்டு தடவை மணி கேட்டாரு. மூணாவது, எந்திரிச்சுக் கதவைத் தட்டுனாரு."

"அம்மையார் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கும் வேர்த்துச்சு. உக்காந்தே இருந்தாங்க."

கனகசபையின் செல்பேசி அடித்தது. பத்து நிமிடத்தில் அமைச்சர் வந்துவிடுவாராம்.

"வரி, அக்கா."

"இப்படி உக்காருங்க. யோசிப்போம்."

நடு வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். கனகசபை பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். மேடையிலிருந்து எண்ணியபோது தலைகள்தான் தெரிந்தன. இங்கே முகங்கள் தெரிந்தன. ஒருத்திகூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏதாவது ஒரு கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். முந்நூறு பேரும் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். கால்கள் இரண்டும் தரையில் அழுந்த ஊன்றியிருந்தன, எந்த நிமிடமும் எழுந்து ஓடுவதற்குத் தோதாக.

பக்கத்தில் இருந்தவளின் முழங்கைவரை பழைய தீக்காயம். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா எண்ணுறே?"

"இங்கயிருந்து கதவுக்கு எத்தனை அடின்னு, சார்."

கனகசபைக்குத் தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் வெளியே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து மேடையோரக் கதவுக்கு நடந்தார். சாவி இரண்டு தடவை துவாரத்தைத் தவறவிட்டது. வெளியே ஓடிப்போய் மற்ற மூன்று தாழ்ப்பாள்களையும் அவரே இழுத்தார்.

பெண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து வந்தார்கள். சிலர் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள். சிலர் வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார்கள். தூரத்தில் சைரன் கேட்டது.

கனகசபை உள்ளே வந்து நாற்காலிகளைப் பார்த்தார். பழக்கதோஷம், விரல் தானாக நீண்டு எண்ண ஆரம்பித்தது. எண்ணிக்கை நாற்பது பேரோடு நின்றது. சைரன் நெருங்கிவிட்டது. அவர் பேச்சியம்மாளிடம் திரும்பினார்.

"உள்ள நாற்பது பேர்தான் இருக்காங்கக்கா. போதுமா?"

"எங்க ஷெட்டுல உள்ள இருக்கிறவங்கள எண்ண மாட்டோம் சார்" என்றார் பேச்சியம்மாள். "சாயங்காலம் வெளிய வந்தவங்களத்தான் எண்ணுவோம்."