வெள்ளாம்பாறைக் கடைத்தெரு வளைந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். ஆள்காட்டிக் குருவி மட்டும் வாயே திறக்காது. அது கூடு கட்டாமல் வெட்டவெளித் தரையில் முட்டையிடும். முட்டையும் கூழாங்கல்லும் ஒன்றுபோல இருக்கும். சத்தம் போட்டால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பது அதன் கணக்கு.

வெள்ளாம்பாறை அப்போது ஊராகவில்லை. மேற்கே பாறை, கிழக்கே ஏரி, நடுவில் பொட்டல். பாறைமேல் கோயில் கட்டிய பாளையக்காரர், ஏரிக்கரையிலிருந்து கோயில்வரை தெரு கோடு போட்டாற்போல நேராக வரவேண்டும் என்று மேஸ்திரி உடையப்பனுக்கு உத்தரவு போட்டுவிட்டார். முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு பிடித்தவர்கள் பாறை உச்சியையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தரையை யார் பார்த்தது?

பின்னாலேயே சித்தாள் கருத்தாயி கூடை கூடையாகக் கூழாங்கல் பொறுக்கிக் கொட்டினாள். ஆட்கள் திமிசுக்கட்டையால் இடித்துத் தரையை இறுக்கினார்கள். குருவியின் நான்கு முட்டைகளில் ஒன்று கூடைக்குள் போயிற்று. பக்கத்தில் நின்ற குருவி அப்போதும் பேசவில்லை. பேசினால் மற்ற மூன்றும் போய்விடுமே என்று அதற்குப் பயம்.

கட்டை விழுந்தது. கற்களுக்கு நடுவே மஞ்சள் கரு வழிந்தது.

அப்போதுதான் குருவி கத்தியது. பொட்டலே அதிரும்படி கத்தியது.

கருத்தாயி கூடையைக் கீழே போட்டுவிட்டாள். "அடிப்பாவி, பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுங்கிப் போயிருக்க மாட்டேனா?" என்று அழுதாள்.

குருவி மிச்ச முட்டைகளிடம் ஓடிப்போய் நின்றது. "இன்னும் மூணு இருக்கு. கயித்துக்கு நேரே இருக்கு" என்றது.

உடையப்பன் பாறையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். உத்தரவை மீறினால் தலை தப்புவது சந்தேகம்தான். "முளையைப் பிடுங்குங்கப்பா. வடக்கே தள்ளி அடிங்க" என்றார்.

"நேரா வரணும்னு சொன்னாகளே, மேஸ்திரி?"

"அவுக வந்து இந்தக் குருவிகிட்ட சொல்லட்டும்."

தெருவின் இருபுறமும் கடைகள் எழும்பிய பிறகு பாளையக்காரர் கோபத்தோடுதான் வந்தார். வளைவுவரை கோயில் கண்ணில் படவில்லை. வளைவு திரும்பியதும் பாறையும் கோயிலும் முகத்துக்கு நேரே நின்றன. கை தானாகக் கும்பிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் அதே இடத்தில் நின்று படமெடுத்து, யார் போட்ட திட்டமோ என்று மெச்சுகிறார்கள். திட்டமாவது மண்ணாவது.

மூன்று குஞ்சுகளும் பொரிந்து, வளர்ந்து, பறந்துபோயின. தாய்க்கு மனசு ஆறவில்லை. அன்று முதல்தான் எந்தப் பொட்டலில் ஆள் வந்தாலும், முட்டை இருக்கிறதோ இல்லையோ, ஆள்காட்டி முன்கூட்டியே கத்திவிடுகிறது.