தேயாத பிளேடு

அம்பத்தூரில் மேசை செய்யும் கம்பெனி ஒன்றில் பவளக்கொடி பலகை அறுக்கும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. புது செராமிக் பிளேடு தேக்கை ஒரு மாதம் அறுத்தும் மழுங்கவில்லை. மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டை மூன்றே நாள் அறுத்ததும் கூர் போய்விட்டது.

பிளேடு விற்ற இன்ஜினியர் திருவேங்கடம் வந்து குதித்தார். "போர்டும் வெறும் மரம்தான். மரத்தை அறுத்தால் இது தேயவே தேயாது. இந்தம்மாதான் கெடுத்திருக்கு!"

"சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு, இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் முதலாளி.

அதுவும் மரம், இதுவும் மரம் என்றால் வித்தியாசம் எங்கே? குழம்பிப்போய், மிஷினின் தூள் பையில் சேர்ந்திருந்த போர்டுத் தூளை அள்ளினாள். விரலில் நெருநெருத்தது. உடனே வாளித் தண்ணீரில் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோல அரித்தாள். அடியில் தங்கியதைத் துணியில் வழித்துக்கொண்டு, முதலாளி அறையிலிருந்த இன்ஜினியரிடம் போனாள்.

"சார், இது போர்டிலிருந்து வந்த தூள். வெறும் மரம்தானே? இதை வெச்சு உங்க மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுத் தரட்டுமா?"

அவர் பதறிக் கண்ணாடியைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, மணலும்மா அது! கீறிடும்!"

முதலாளி மெல்ல நிமிர்ந்தார். "கண்ணாடி கீறும், பிளேடு மட்டும் தேயாதா?"