உப்பை மட்டும்

கேள்வி கேட்டவருக்கு அறுபது வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பது.

தென்காசியில் ஓர் அரிசி மண்டியின் மேல்மாடியில் சின்ன நாடக மன்றம் ஒன்று இருந்தது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டே விளக்குகள். சனிக்கிழமைதோறும் முதல் பாதியில் பழைய சிரிப்பு நாடகம் போடுவார்கள். பின்பாதியில் நகைச்சுவைக் கவிதைகள். மன்றத்தை நடத்தியவர் உலகம்மாள். பகலில் தையல் கடை வைத்திருந்தார். மாடியேறிவிட்டால் எல்லோருக்கும் வாத்தியாரம்மா.

சிவசைலம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் உலகம்மாளிடம் மாணவராக வந்து சேர்ந்தார். நடிப்பு வரவில்லை. அழச் சொன்னாலும் சிரிக்கச் சொன்னாலும் வருகைப் பதிவு எடுப்பதுபோலவே முகத்தை வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க திரையோரம் நில்லுங்க," என்றார் உலகம்மாள். "யாராவது வசனத்தை மறந்தா மெல்ல எடுத்துக் கொடுக்கணும்."

சிவசைலத்துக்கு அது பிடித்திருந்தது. பிரதியில் ஒரு சொல்கூடத் தவறாமல் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நல்லபெருமாள் பல மாதம் கழித்து மேடைக்கு வந்தார். பரோட்டா கடைக்காரர். தேக்கு மரம்போல் உடம்பு. பெண்டாட்டிக்குப் பயந்த புருஷனாக அவர் வந்து நின்றாலே கூட்டம் சிரிக்கும். அவருடைய மனைவி கோமதி, உலகம்மாள் மதினி என்று கூப்பிடுகிறவர், தை மாதம் இறந்துபோனார். அதன்பிறகு அவர் நடிக்க வருவது அன்றைக்குத்தான்; சிவசைலம் அவர் நடித்துப் பார்த்ததில்லை.

கடைசியாக ரசப் பாட்டு. கையில் ஒரு டம்ளர் ரசத்தோடு புருஷன் சொல்கிற நான்கு வரி. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

*மிளகிட்டாய் சீரகத்தோ டிஞ்சி யிட்டாய்*
*வேண்டுமட்டும் புளிகரைத்து விட்டா யம்மா*
*அளவறிந்து கொதிக்கவைத்தாய் இறக்கி வைத்தாய்*
*உப்பைமட்டும் எவருக்காய் எடுத்து வைத்தாய்?*

நல்லபெருமாள் "உப்பை மட்டும்" என்றார். நின்றுவிட்டார்.

சிவசைலம் பிரதியைப் பார்த்தார். அங்கே நிற்பதற்கு எதுவும் இல்லை. நல்லபெருமாள் வாயைத் திறக்கவில்லை. தகரத்தின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்ததால் சிவசைலம் குரலை உயர்த்தினார்.

"எவருக்காய்!"

வகுப்பறைக் குரல். கடைசி வரிசை வரை கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டுக்காக அல்ல.

நல்லபெருமாள் மிச்சத்தைச் சொன்னார். கும்பிட்டார். உள்ளே வந்து முகம் கழுவினார்.

"வேற ஆளைப் பாத்துக்கோங்க வாத்தியாரம்மா. இனி நான் வரலை."

"ஏன் அண்ணாச்சி?"

அவர் சிவசைலத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அன்றிரவு சிவசைலம் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் தையல் கடை திறந்ததும் போய் நின்றார்.

"பிரதியில அந்த இடத்துல இடைவெளி இல்லை வாத்தியாரம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"இல்லைதான் சார்."

"அவர் மறந்துட்டார்னு நினைச்சேன்."

"ம்."

"மறக்கலையா?"

உலகம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"மறந்து நிக்கிறவரையும் மறக்காம நிக்கிறவரையும் பக்கத்துல இருந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?" என்றார் சிவசைலம். "இது தெரியலைன்னா நான் திரையோரம் நிக்கக் கூடாது."

உலகம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மத்தியானம் பரோட்டா சாப்பிடுவீங்களா சார்?"

நல்லபெருமாள் கடையில் கூட்டம் வரும் நேரம் ஆகவில்லை. மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. கல்லுக்குப் பின்னால், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அரைகுறையாக நறுக்கிய வெங்காயமும் கத்தியும் பலகைமேல் அப்படியே இருந்தன.

"சார், அதுல உட்காருங்க," என்றார் உலகம்மாள்.

நல்லபெருமாள் முக்காலிப் பக்கம் ஓரடி வைத்தார்; பிறகு மாவுக்குத் திரும்பினார்.

"உங்க பாட்டை இனிமே சார் சொல்லப் போறாரு அண்ணாச்சி. சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

சிவசைலம் திடுக்கிட்டார். இருந்தாலும் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார். முதுகை நிமிர்த்திக்கொண்டு நான்கு வரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "என்ன சார், பரீட்சை எதுவும் எழுதப் போறீகளா?"

"வார்த்தையெல்லாம் சரிதான்," என்றார் நல்லபெருமாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஆனா ரசம் நல்லா இருக்குன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

"அப்போ நீங்க சொல்லுங்க."

அவர் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினார். விசிறினார். விசிறிக்கொண்டே மிளகிட்டாய் என்று ஆரம்பித்தார். டீ குடிப்பவர் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாவது வரியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உப்பை மட்டும்..."

மாவு இரண்டு கைக்கும் நடுவில் துணிபோல் தொங்கியது. அவருடைய கண் முக்காலிக்கு வந்தது.

சிவசைலம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மனப்பாடம் ஒப்பிக்க வைத்திருக்கிறார். மறந்துபோன பிள்ளை கூரையைப் பார்க்கும். இல்லையென்றால் தன் கால் விரலைப் பார்க்கும். நல்லபெருமாள் இரண்டையும் பார்க்கவில்லை.

அடுத்த சொல் சிவசைலத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, மாவு விழுந்துரும்," என்றார் டீ குடிப்பவர்.

"எவருக்காய் எடுத்து வைத்தாய்," என்று மெதுவாகச் சொல்லி முடித்து, மாவைக் கல்லில் போட்டார் நல்லபெருமாள்.

பிறகு அவரே பேசினார். சிவசைலத்திடம்தான்.

"நீங்க இருக்க இடத்துலதான் சார் அவ இருப்பா. நான் இங்க நின்னு வசனம் படிப்பேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டே சிரிக்கிற பொம்பளை இந்த ஊர்லயே அவ ஒருத்திதான். கேட்டுக் கேட்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அங்க மண்டி மாடியில ரெண்டாவது வரிசை ஓரத்துல உக்காந்துக்கிட்டு, நான் உப்பை மட்டும்னு சொன்ன உடனே முந்திச் சிரிச்சிருவா. என்ன செய்ய? அவ சிரிச்சு முடியட்டும்னு நிப்பேன். அதைப் பாத்து ஊரே சிரிக்கும். அப்புறம்தான் மிச்சத்தைச் சொல்லுவேன்."

பரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

"ஊர்க்காரன் எல்லாம், அண்ணாச்சி அந்த இடத்துல ஒரு நிறுத்து நிறுத்துதாரு பாரு, என்ன நடிப்புன்னு சொல்லுவான். எனக்கு நடிப்பும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. இப்பவும் அந்த இடம் வந்தா நின்னுருதேன். வார்த்தை வாய்ல இருக்கு. வர மாட்டேங்கு."

"நில்லுங்க அண்ணாச்சி," என்றார் உலகம்மாள்.

"மறந்துட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே."

"சிரிப்பாங்க."

"சிரிக்கத்தானே டிக்கெட் எடுத்து வாராங்க?"

நல்லபெருமாளுக்கு உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே சிவசைலத்தைக் கை காட்டினார். "சார் விட மாட்டாரே. எடுத்துக் கொடுத்துருவாரே. எடுத்துக் கொடுக்காம நிக்க உங்களால முடியுமா சார்?"

சிவசைலம் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மிச்ச வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார்.

நல்லபெருமாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நறுக்குதீக!"

சனிக்கிழமை வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. சால்னாவை மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

சனிக்கிழமை சிவசைலம் முன்னதாகவே மாடியேறினார். இரண்டாவது வரிசை ஓர நாற்காலியில் தன் துண்டைப் போட்டு வைத்தார். கூட்டம் வரத் தொடங்கியதும் உலகம்மாள் அந்தத் துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்தார்.

"அந்த இடத்தை விட்டு வைக்க வேண்டாமா?" என்றார் சிவசைலம்.

"அந்தப் பிள்ளை கைக்குழந்தையோட எவ்வளவு நேரம் நிக்கும் சார்?"

நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன் படியில் கனமான காலடி கேட்டது. நல்லபெருமாள் யாரிடமும் எதுவும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டம்ளரைத் தேடினார். சிவசைலம் எடுத்துக் கொடுத்தார்.

பின்பாதி வந்தது. வெளியே சாரல் வலுத்திருந்தது. மிளகு முடிந்தது. புளி முடிந்தது. கூட்டம் குலுங்கிக்கொண்டிருந்தது.

"உப்பை மட்டும்..."

நின்றார்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தகரத்தின்மேல் மழை மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இன்னைக்கும் மறந்துட்டாருப்பா," என்றது.

சிவசைலம் பிரதியை மூடிக் கக்கத்தில் வைத்திருந்தார். அந்தச் சொல் அவர் வாய்க்குள் கிடந்து உருண்டது. துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். மேடையில் நல்லபெருமாள் டம்ளரைப் பிடித்தபடி இரண்டாவது வரிசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குழந்தை தூங்கிப் போயிருந்தது.

சிவசைலத்தால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற உலகம்மாளின் காதருகே குனிந்தார்.

"எவ்வளவு நேரம் வாத்தியாரம்மா?"

உலகம்மாள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதினி சிரிச்சு முடிக்கட்டும் சார்."