பியூலாவின் ஒரு பக்கம்

நாகர்கோவில் பியூலா மொழியியலில் முதுகலை முடித்தவள். சிறு வயதிலிருந்தே திக்கிப் பேசுபவள். தன் பெயரைச் சொல்லப் போனாலே உதடு ஒட்டிக்கொள்ளும். திக்குவாயைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை.

சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள்: 'இந்த ஆய்வை ஏன் செய்ய விரும்புகிறீர்கள்?' போன வருடம் விண்ணப்பித்தபோது, படித்ததை மட்டும் தொகுத்து அனுப்பியிருந்தாள். நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. இந்த முறை தன் கதையை எழுதலாமா என்று யோசித்தாள்.

கணவன் எட்வின் தடுத்தான். வங்கி நேர்காணல் ஒன்றிலிருந்து அவள் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்தவன் அவன்.

"வேண்டாம் பியூலா. திக்குற ஆளு கருத்தரங்குல எப்படிப் பேசும்னு முதல்லயே கழிச்சிருவாங்க."

தோழி ரெஜினா வேறு மாதிரி சொன்னாள். தன் அப்பா இறந்ததை எழுதித்தான் அவளுக்கு ஆய்வு செய்ய இடம் கிடைத்திருந்தது.

"எல்லாத்தையும் எழுதுடி. வாத்தியார் உன்ன மாதிரியே திக்கிக் காட்டி கேலி பண்ணினதையும் விடாத. படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்."

பியூலா அப்படியே எழுதிப் பார்த்தாள். அவளுக்கே அழுகை வந்தது. ஆனால் பக்கம் முடிந்துவிட்டது. ஆய்வைப் பற்றி எழுத இடமில்லை.

அந்த ஞாயிறு ஆலயத்தில் எல்லோரும் எழுந்து ஒரே குரலில் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். அவளும் தடையில்லாமல் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் எழுதினாள்:

'தனியாகச் சொன்னால் என் பெயரே எனக்கு வராது. எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது ஒரு சொல்லும் தடுக்காது. கூட வரும் குரல் என் நாவுக்கு என்ன செய்கிறது?'

மீதிப் பக்கம் முழுக்க, அதை எப்படி ஆராய்வது என்பதுதான்.

"இதையும் சொல்லித்தான் ஆகணுமா?" என்றான் எட்வின்.

"இவ்வளவுதானா?" என்றாள் ரெஜினா.

பியூலா அனுப்பிவிட்டாள்.

மறைக்கச் சொன்ன எட்வின், எல்லாவற்றையும் கொட்டச் சொன்ன ரெஜினா, தன் கதையை மூன்று வரியோடு நிறுத்திய பியூலா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பியூலா. எட்வினின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ரெஜினாவின் யோசனை ஒருமுறை பலித்ததுதான். ஆனால் கட்டுரை கேட்டது ஆய்வுக்கான காரணத்தை. பட்ட துன்பங்களில் அவள் கேள்வி பிறக்கவில்லை. திக்காமல் பேசிய அந்தச் சில நிமிடங்களில்தான் பிறந்தது. அதை மட்டும் எழுதினாள். இம்முறை அழைப்பு வந்தது. "சேர்ந்து சொன்னா ஏன் தடுக்கலைன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். அவள் திக்கித் திக்கி, சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை. இடம் கிடைத்தது. எட்வின்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டான்.