ராஜா பட்டினியில் படித்த இங்கிலீஷ்

கொன்றையூர் ராஜா திருமேனிநாதருக்கு இங்கிலீஷ் தெரியாது. கலெக்டர் துரை வந்தால் ராஜாவுக்காகப் பேசுபவர் துபாஷி ஏகாம்பரம்தான். உடைந்துபோன ஏரி மதகைக் கட்ட உத்தரவு கேட்கச் சொல்லி ராஜா மூன்று வருஷமாக அவரை ஏவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரம் துரையிடம் வெகுநேரம் பேசுவார். கடைசியில் அவருடைய மைத்துனர்களில் ஒருவருக்கு உத்தியோகம் கிடைக்கும். மதகு அப்படியே கிடக்கும்.

தானே பேசிவிடுவது என்று ராஜா முடிவு செய்தார். ஏகாம்பரமே வாத்தியார். ஆறு மாதம் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று ஒப்பித்ததில் ராஜாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். துரை வர இன்னும் பத்தே நாள்.

மனப்பாடம் இல்லாமல் சொல்லிக் கொடுக்க யாராவது உண்டா என்று சபையில் கேட்டார். விகடர் சூடாமணி எழுந்தார். முடியாவிட்டால் அவர் ஊரை விட்டே போக வேண்டும் என்றார் ஏகாம்பரம். சூடாமணி சம்மதித்தார். ஆனால் பாடம் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடக்கும். சமையற்காரர் பொன்னுரங்கத்துக்குத் தானே சில வார்த்தைகள் சொல்லிவைப்பதாகவும், ராஜா இங்கிலீஷில் சொல்வதை மட்டுமே அவர் செய்வார் என்றும் நிபந்தனை போட்டார்.

மறுநாள் காலை. இலையில் தோசை. ராஜா உற்சாகமாக, "ஐ ஏட்" என்றார்.

பொன்னுரங்கம் வணங்கிவிட்டு இலையை எடுத்துக்கொண்டு போனார்.

"சாப்பிட்டாயிற்று என்று சொன்னீர்கள், மகாராஜா" என்றார் சூடாமணி.

மத்தியானம் ராஜா யோசித்து, "ஐ வில் ஈட்" என்றார். பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பார் ஆறிப்போனது.

"சாப்பிடுவேன் என்கிறீர்கள். எப்போது என்று சொல்லவில்லையே" என்றார் சூடாமணி.

சாயங்காலம் ராஜாவுக்குக் கண் இருட்டியது. இலைமேல் கையை வைத்துக்கொண்டு, "ஐ ஆம் ஈட்டிங்" என்று கத்தினார். சுடச்சுடத் தோசை விழுந்தது. சொல்லச் சொல்ல விழுந்துகொண்டே இருந்தது. பதினோராவது தோசையில் மூச்சு முட்டி அவரே, "ஐ ஏட், ஐ ஏட்" என்று கும்பிட்டார்.

ஒரே நாளில் மூன்று காலமும் முடிந்தது. மற்ற நாட்களில் மற்றதெல்லாம் இதே மாதிரி வந்தது.

துரை வந்தார். ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் ராஜா பேசிவிட்டார்.

"தி மதகு ஈஸ் புரோக்கன். ஐ ஆஸ்க்ட். ஐ ஆம் ஆஸ்கிங். ஐ வில் ஆஸ்க்."

மதகு என்ற பேச்சையே துரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. அந்த மூன்று காலங்களுக்கும் இங்கிலீஷில் என்ன பெயர் என்று ராஜாவிடம் கேட்டார்.

"பெயர் தெரியாது. பசி தெரியும்" என்றார் ராஜா.

பிறகு சூடாமணியை அழைத்து, "ஐ வில் கிவ் யூ எ வில்லேஜ்" என்றார் பெருமையாக.

சூடாமணி கைகூப்பினார். "மகாராஜா, அந்த 'வில்' மட்டும் வேண்டாம். 'கேவ்' என்று சொல்லிவிடுங்களேன்."