லாயத்து மழைத்தண்ணீர்

எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்தே அது எந்த ஊருடையது என்று சொல்லிவிடுவதாக மிட்டாதார் வேலப்பருக்குப் பெருமை. ஒரு மழைக்குப் பிறகு, வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் செவந்தியிடம், “ஊருணித் தண்ணி நாறுது. நாளைக்கும் இப்படின்னா வேலைக்கு வராதே” என்றார்.

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் செவந்தி இரண்டு சொம்பை வைத்தாள்.

“ஒண்ணு ஊருணித் தண்ணி, ஐயா. இன்னொண்ணு உங்க குதிரை லாயத்தைக் கழுவிக்கிட்டு ஊருணிக்கு ஓடுற மழைத்தண்ணி. எது எதுன்னு உங்க நாக்கு சொல்லட்டும். நல்லதையே கொண்டாறேன்.”

வேலப்பர் இரண்டையும் முகர்ந்தார். வாயில் வைக்கவில்லை. விருந்தாளிகள் கூரையைப் பார்த்தார்கள்.

அன்றே லாயத்து வாய்க்காலைத் தென்னந்தோப்புக்குத் திருப்பினார்கள். அடுத்த மழைகளில் ஊருணி தெளிந்தது. செவந்தி தந்த சொம்பைக் காலிசெய்த வேலப்பர், “நல்லா இருக்கே, இது எந்த ஊர்த் தண்ணி?” என்றார்.

“நீங்கதான் சொல்லணும், ஐயா” என்றாள் செவந்தி.